கடைப் பலகையில் அப்பா பெயர்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இப்போதும் தெரியாது, அப்போது எட்டு வயது, கேட்கவே வேண்டாம். கால் தரையில் பாவுதா பார் என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள். ஆனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருக்குமே இருப்புக் கொள்ளாததால் என் குறை அவ்வளவாக வெளியே தெரியவில்லை. விழுப்புரத்தில் அப்பாவின் கடை, திண்டிவனத்தில் மாமாவின் கடை. நடுவில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று மூச்சு வாங்கிப் போகும் பாசஞ்சர் வண்டி. அதில் நாங்கள் போவதும் வருவதுமாகக் கிடந்தோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. முதலில் அவரும் அப்பாவும் திண்டிவனத்தில் கூட்டாகத்தான் கடை வைத்திருந்தார்கள். சீப்பு, கண்ணாடி, பொத்தான், லாந்தர், லாந்தருக்குச் சிம்னி என்று சில்லறைச் சாமான்கள் எல்லாம் கிடைக்கும். வாசலுக்கு மேலே நீலத் தகரப் பலகையில் வெள்ளை எழுத்தில் முதலில் அப்பா பெயர், பக்கத்தில் மாமா பெயர், கடைசியில் கம்பெனி என்று எழுதியிருக்கும். அந்த எழுத்து அப்பா கையால் எழுதியது. அவருக்கு முத்து முத்தான கையெழுத்து. மாமாவுக்கு வாய். செத்துப்போன லாந்தரைக்கூட எரிகிறது என்று சொல்லி விற்றுவிடுவார், வாங்கினவனும் சிரித்துக்கொண்டே போவான். எனக்கு மாமாவைத்தான் பிடிக்கும், இதை ஒளிப்பானேன்.

இருவருக்கும் சித்திரை மாதம் சண்டை வந்தது. மாமா யாரையும் கேட்காமல் சரக்கு எடுக்கிறார் என்பது அப்பாவின் வழக்கு. கேட்டால் அப்பா வேண்டாம் என்பாரே என்பது மாமாவின் வழக்கு. அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். ஸ்டாம்பு ஒட்டிய காகிதத்தில் பிரிந்துவிட்டதாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா தன் பங்கை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்து எனாமல் பாத்திரக் கடை போட்டார். தட்டு, கிண்ணம், மூடி போட்ட தூக்கு எல்லாம் வெள்ளை வெளேர் என்று, ஓரத்தில் நீலக் கோடு ஓட அடுக்கி வைத்திருப்பார். ஆள் இல்லாத நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைப்பார். யாரிடமும் கேட்க வேண்டாத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத கடை என்று அதைப் பற்றிச் சொல்வார். அவர் வாய்விட்டுப் பாடி நான் கேட்டது அந்தக் கடையில்தான்.

எல்லாம் சரி, திண்டிவனத்துப் பலகையில் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குக் காரணம் அம்மா.

மாமாவுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெடார் பக்கத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் எதிர்ச் சாரியில் நின்று பலகையைத்தான் படித்தார்கள். அக்காள் புருஷன் கூட இருக்கிறார், பையன் தனியாள் இல்லை என்று திருப்தியாகப் போனார்கள். பிரிந்தது தெரிந்தால் சம்பந்தம் நிற்காது. நிச்சயம் முடியட்டும் என்றாள் அம்மா. நிச்சயம் முடிந்தது. கல்யாணம் முடியட்டும் என்றாள். ஆவணியில் அதுவும் முடிந்தது. தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகிறவன் தலை குனிந்தா போவான், அது ஒன்று ஆகிவிடட்டும் என்றாள். அப்பா ஒவ்வொரு தடவையும் சரி என்றார், தீபாவளி கழிந்தும் பெயர் அப்படியே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, யாருக்கும் ஒரு கார்டுகூடப் போடவில்லை. புது அத்தைக்கே, அதாவது மாமா பெண்டாட்டிக்கே, இரண்டு கடையும் ஒரே கம்பெனி என்றுதான் நினைப்பு. வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கும் உத்தரவு. நானும் பொத்திக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த இடைவெளியில், ஆடி மாதத்தில், மாமா இருபது டஜன் குடை வாங்கிப் போட்டிருந்தார்.

பட்டணத்துக் குடை வியாபாரி ஒருவரிடம் கம்பெனிக் காகிதத்தில், கம்பெனிப் பெயரில், ஐப்பசி கழித்துப் பணம் தருவதாகக் கடனுக்கு. அவர் பல வருஷமாக அப்பாவின் பேச்சை நம்பிச் சரக்கு கொடுத்தவர். ஒரு கேள்வி கேட்காமல் அனுப்பிவிட்டார். திண்டிவனத்தில் அன்றைக்குக் குடை பிடித்துப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்கள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள். அதையும் பொருட்படுத்தாமல், இந்த ஐப்பசியில் அடைமழை என்று மாமா எதை வைத்துத் தீர்மானித்தாரோ, அவருக்கே வெளிச்சம். ஐப்பசியும் வந்தது. மழை வரவில்லை. கார்த்திகை பிறந்தும், மல்லாட்டைக் கடலை காயப் போடலாம் போல வெயில் அடித்தது.

குடைக்காரர் கடிதம் அப்பாவைத் தேடி விழுப்புரத்துக்கே வந்தது. அப்பா அதை நாலு தரம் படித்தார், மடித்தார், பிரித்தார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வக்கீலிடம் கிளம்பினார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் நானும் கூடவே போனேன். வக்கீல் வீட்டு நாற்காலியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி அவருடைய குமாஸ்தாவின் உயிரை எடுத்தேன். அப்பா பிரிவினைக் காகிதத்தை நீட்டினார். வக்கீல் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற சங்கதிங்க. கடன் குடுத்தவனுக்குத் தெரியுமா? ஊருக்குச் சொன்னீங்களா? பேப்பர்ல போட்டீங்களா?"

"இல்லைங்க. பாதி என் பங்குன்னாலும்..."

"பாதி இல்ல, முழுசும். உங்க மச்சான்கிட்ட வசூலாகலன்னா மொத்தத்தையும் உங்ககிட்டயே வாங்கிக்கலாம். குறைஞ்சது போர்டுல இருக்கற பேரையாச்சும் அழிச்சுத் தொலைச்சிருக்கலாமில்ல? ஆள்கிட்ட நேரா பேசிப் பாருங்க. நல்ல மனுஷன்னா விடுவான்."

முழுசும் என்றால் விழுப்புரம் கடை போய்விடும். இதை அப்பா வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் மனசில் உட்கார்ந்தது வக்கீல் சொன்ன அந்த ஒரு விஷயம்தான். பேரை அழித்தால் போதும்! இதற்கா இத்தனை பேஜாரு? ஒரு ஈரத் துணி இருந்தால் நானே முடித்துவிடுவேனே என்று எனக்குக் கால் குறுகுறுத்தது.

குடைக்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டணத்திலிருந்து நேரில் வருவதாக எழுதியிருந்தார். நாங்கள் எல்லோரும் காலை வண்டியில் திண்டிவனம் போனோம். மாமா முகம் கழுவி விபூதி பூசி, ஒன்றுமே நடக்காதவர் போல நின்றார்.

"மழை வரும் மாமா. வானத்தப் பாத்துக்கினே இருங்க, நம்ம கடை வாசல்ல குடைக்கு அடிச்சிக்கப் போறாங்க."

சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் குடைக்காரரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார்கள், ஒருத்தர் முன்னால், ஒருத்தர் பின்னால். அம்மாவும் புது அத்தையும் வீட்டில் இருந்தார்கள். நான் நைசாக நழுவிக் கடைத் தெருவுக்கு ஓடினேன்.

மத்தியான வெயிலில் தெருவே படுத்துக் கிடந்தது. எதிர்ப்பக்கத்து வெற்றிலைக்கடைக்காரரை எழுப்பி, அம்மா கேட்டார்கள் என்று பொய் சொல்லி, இலை நிறையச் சுண்ணாம்பு வாங்கினேன். அவர் கொடுத்துவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். மூடியிருந்த கடை வாசலில் குடை வந்த மரப்பெட்டிகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினேன். முதலில் ஓட்டுச் சில்லால் சுரண்டினேன். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக விழுந்தது. அப்புறம் சுண்ணாம்பை எடுத்து அப்பா பெயர் முழுவதும் அப்பினேன். மாமா பெயர்மேல் ஒரு சொட்டுப் படவில்லை. அவ்வளவு கவனமாக நான் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் எதையும் செய்ததில்லை. கை எரிய ஆரம்பித்தது. எரிந்தால் எரியட்டும், அப்பா கடையைக் காப்பாற்றியாகிவிட்டது.

இறங்கி நின்றபோது தெருக் கோடியில் மூன்று பேரும் வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் வந்தவர் கோட்டுப் போட்ட, தடித்த, சிரித்த முகக்காரர். வழியெல்லாம் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்பா உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவரும், கடையில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் பார்க்கலாம், உங்களை நெருக்க எனக்கு மனசு வராது என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

வாசலுக்கு வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். சுண்ணாம்பு பலகையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. விரலை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இன்னாங்க இது? ஈரம் காயல. நான் ரயில்ல வந்துக்கினு இருக்கும்போது அழிச்சிருக்கீங்க."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். சத்தியமாக நான் இல்லை மாமா என்று தலையில் கை வைத்தார். அப்புறம்தான் அப்பாவின் கண் என் பாவாடைக்கு வந்தது, அங்கிருந்து என் கைக்கு வந்தது. நான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாமலே ஒளித்துக்கொண்டேன்.

"நான்தாங்க அழிச்சேன்" என்றார் அப்பா.

குடைக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆடியில அழிச்சிருந்தீங்கன்னா ஒரு குடைகூட அனுப்பியிருக்க மாட்டேன், உங்க மேலயும் தப்பு சொல்ல மாட்டேன். இன்னிக்கு அழிச்சா அதுக்கு இன்னா பேரு? இனி எனக்கும் உங்களுக்கும் கோர்ட்டுலதான் பேச்சு. விழுப்புரம் கடைய ஜப்தி பண்ணிட்டுத்தான் மறுவேலை."

குழந்தை செய்தது என்று அப்பா சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பல வருஷம் நினைத்தேன். சொல்லியிருந்தால், எட்டு வயதுப் பெண்ணைப் பெட்டிமேல் ஏற்றி அழிக்க வைத்தான், இப்போது பழியையும் அவள் தலையில் போடுகிறான் என்றுதான் அந்த மனுஷர் நினைத்திருப்பார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, சுண்ணாம்பைத் துடைத்தார். அடியில் எழுத்து இல்லை. நான்தான் சுரண்டி எடுத்துவிட்டேனே. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு வெள்ளைப் பெயிண்டும் ஒரு பிரஷ்ஷும் வாங்கினார்.

"பேரை நானே திரும்ப எழுதறேங்க. விழுப்புரத்துல இருக்கற சரக்க வித்து முதல்ல குடுத்துடறேன். மிச்சத்துக்கு இங்கயே உக்காந்து குடை வித்துக் கட்டறேன். கோர்ட்டு மட்டும் வேணாம்."

குடைக்காரர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டார். கடைசியில், அடுத்த ஆடி வரைக்கும் தவணை என்றார். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா மேலே ஏறி, முதல் எழுத்தை எழுத ஆரம்பித்தார். பழைய எழுத்தைவிட இது இன்னும் அழகாக இருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை, மாமா அழுகிறார், அப்படியானால் சமாதானம்தானே! இனிமேல் ரயிலும் வேண்டாம், கிசுகிசுவும் வேண்டாம், எல்லோரும் ஒரே ஊர். இந்த நல்ல சேதியை முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று எரிகிற கையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

புழக்கடைப் பக்கம் அம்மா உட்கார்ந்து புது அத்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மூச்சு இரைக்க இரைக்கச் சொன்னேன்.

"அம்மா, அப்பா மறுபடியும் மாமாகூட கடையில சேந்துட்டாங்க! விழுப்புரம் கடைய மூடிட்டு இங்கயே வரப் போறாங்களாம். போர்டுல பேரு அவங்களே எழுதிக்கினு இருக்காங்க!"

அம்மாவின் கை பின்னலில் அப்படியே நின்றது. புது அத்தை தலையைத் திருப்பி, "மறுபடியும்னா இன்னாங்க அண்ணி? எப்பப் பிரிஞ்சாங்க?" என்று கேட்டாள். அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அடுத்த நிமிஷமே என் கையை இழுத்துப் பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஊதி ஊதி அழுதாள். அம்மா என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். பாவாடையெல்லாம் சுண்ணாம்பு ஆக்கியதற்குத்தான் அடித்தாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.