ஒன்றரை முழ மேசை

பிள்ளைகளே, போன வாரம் உங்கள் மாமா வீட்டு மேசையைப் பார்த்து, "இது என்ன, நின்னுக்கிட்டே எழுதுற மேசையா?" என்று கேலி செய்தீர்கள். மாமாவும் உங்களோடு சேர்ந்து சிரித்தார். அந்த மேசையைச் செய்தவன் நான். ஒரே தடவையில் செய்துவிடவில்லை. முதலில் கெடுத்துவிட்டுத்தான் செய்தேன். நாலாம் வகுப்பு வரை படித்தவன், எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கீழக்குயில்குடியில் உங்கள் அம்மா வீட்டுக் கிணறு வற்றி, நிலம் சும்மா கிடந்தது. அப்போதுதான் மதுரையில் ஒரு வக்கீல் உங்கள் மாமாவுக்கு நகல் எழுதும் வேலை கொடுத்தார். "ஒரு மாசம் பாக்குறேன். எழுத்து சுத்தமா இருந்தா இரு, இல்லேன்னா ஊருக்குப் போயிரு" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு மாசத்துக்கு ஆபீசில் உட்கார இடம் கிடையாது. காகிதங்களை வாங்கி வந்து, மதுரையில் எங்கள் வாடகை வீட்டில் தங்கித்தான் எழுத வேண்டும்.

மாமாவின் உயரம் உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எழுதுவதற்கு இருந்தது தரையில் வைக்கிற சாய்வுப் பெட்டி ஒன்றுதான். என்னைப் போலக் குட்டையானவன் சம்மணம் போட்டு அதில் எழுதலாம். அவர் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் பெட்டிக்கு மேலே வந்துவிடும். முதுகை வளைத்துக்கொண்டு எழுதுவார். முதல் இரண்டு பக்கம் அச்சடித்த மாதிரி இருக்கும்; பிறகு வரி கீழே இறங்க ஆரம்பிக்கும். பத்தாம் நாள் வக்கீலின் குமாஸ்தா மூன்று தாள்களைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொரு தடவ இப்படிக் கொண்டாந்தே, ஏரு பிடிக்கத்தான் போகணும்" என்றாராம்.

அதைக் கேட்டதும் நான் மேசை செய்யக் கிளம்பிவிட்டேன். நல்ல மரமெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கிடைத்தாலும் வாங்க நமக்கு வசதி ஏது. நான் வேலை பார்த்த ஜவுளிக் கடையில் சரக்கு வந்த கள்ளிப்பெட்டி இரண்டை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். அதைப் பிரித்து மூன்று பலகைகளைச் சேர்த்து, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்து ஆணி அடித்தேன். பேனா முள் சந்தில் குத்தாமலிருக்க, மேலே பழுப்புக் காகிதத்தைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினேன். பெட்டியின் மூலைச் சட்டங்களே கால்கள்.

உயரம் கேட்டேன். மாமா முக்காலியில் உட்கார்ந்து, எழுதுகிற மாதிரி கையை வைத்து, தரையிலிருந்து முழம் போட்டுப் பார்த்தார். "ஒன்றரை முழம் இருந்தாச் சரியா இருக்கும் மச்சான்" என்றார்.

கடையில் கஜக்கோல் உண்டு. ஆனாலும் துண்டு வாங்க வருகிற கிராமத்து ஆட்கள் முழத்தில்தான் கேட்பார்கள். பதினைந்து வருஷமாக என் கையால் அளந்து கிழித்தவன். ஒரு நூல் பிசகாது என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமையோடு சட்டத்தின் மேல் என் முழங்கையை ஊன்றி, ஒன்றரை முழம் அளந்து, நாலு காலையும் ஒரே மூச்சில் அறுத்துவிட்டேன்.

மேசையைப் போட்டதும் மாமா உட்கார்ந்து பார்த்தார். "அம்சமா இருக்கு மச்சான்" என்றார். நானும் நம்பிவிட்டேன். நாலு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது பார்க்கிறேன்: கால் உள்ளே நுழையாமல், இரண்டு முழங்காலையும் மேசைக்கு இரு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு, முன்னைப் போலவே குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். தாளில் வரி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மாப்ள, உசரம் பத்தலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

சோறு போட வந்த உங்கள் அம்மாதான் கண்டுபிடித்தாள். "அவன் முழம் போட்டது அவன் கையில. நீங்க அறுத்தது உங்க கையில. ரெண்டு கையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. துண்டு கிழிக்கிற மாதிரியே மேசையையும் கிழிச்சு வச்சிருக்கீக!"

வைத்துப் பார்த்தோம். என் நடுவிரல் நுனி அவருடைய விரலின் அடியில்தான் நின்றது. ஒன்றரை முழத்துக்கு அரைச் சாண் போய்விட்டது.

"மொத நாளே சொல்ல வேண்டியதுதானே மாப்ள?"

"நீங்க அம்புட்டு ஆசையாச் செஞ்சீக. எந்த வீட்டு வாசல்லதான் நான் குனியாமப் போயிருக்கேன்? இதுக்கும் குனிஞ்சுட்டுப் போறேன்."

மாதம் முடியப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அறுத்த காலை நீட்ட முடியாது. செங்கல் வைத்துப் பார்த்தோம். எழுத எழுத ஆடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு, கோரிப்பாளையத்தில் பழைய மரம் விற்கிற பாய் கடைக்குப் போனேன். உடைந்த கதவு நிலையின் சட்டம் ஒன்றை எடுத்து, வேண்டிய அளவைக் காட்டினேன்.

"என்னாண்ணே, மேசைக்கு இம்புட்டு உசரக் காலா? ஒட்டகத்துக்குத் தீனி வைக்கப் போறீங்களா?" என்றார் பாய்.

அப்போதுதான் மாமா தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் வந்தார்.

"யா அல்லா, ஆளு இவருதானா! தம்பி, வெளாட்டுக்குச் சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணே, ரெண்டு விரக்கடை சேத்தே அறுங்க. குட்டையாப் போனா ஒட்ட முடியாது."

"அது எங்களுக்கு நல்லாவே தெரியும் பாய்" என்று மாமா சிரித்தார். ஊரிலிருந்து வந்த பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

இந்தத் தடவை மாமாவின் கையையே சட்டத்தின் மேல் வைக்கச் சொன்னேன். நான் கோடு மட்டும் போட்டேன். வீட்டுக்கு வந்து புதுக் கால்களை மேலிருந்து நீள ஆணியால் இறுக்கி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மறுநாளிலிருந்து ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை. மாதக் கடைசியில் வக்கீல், "நாளையிலேர்ந்து ஒம்போது மணிக்கு வந்துரு" என்று சொன்னாராம். அதைக் கேட்டு உங்கள் அம்மா அழுதாள்.

மறுநாள் காலை மாமா வேலைக்குப் போய்விட்டார். உங்கள் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். கடைக்குக் கிளம்புமுன் நான் அந்த முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மேசை என் நெஞ்சுக்கு வந்தது. அவருக்கு முழங்கால் படுகிற இடம் எது என்று பலகையின் அடியில் கையை விட்டுத் தடவினேன். சுருக்கென்று குத்தியது. நான் அடித்த ஆணி ஒன்றின் முனை கீழே துருத்திக்கொண்டிருந்தது. அதில் வேட்டி நூல் இரண்டு மாட்டியிருந்தன. அத்தனை நாளும் அதில் உரசிக்கொண்டே எழுதியிருக்கிறார்; வாய் திறக்கவில்லை.

சுத்தியலை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, அந்த முனையை மடக்கி அடித்தேன். பிறகு வேறு முனை ஏதும் இருக்கிறதா என்று பலகையின் அடிப்பக்கம் முழுவதையும், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன்.