நடுவர் சொல்லாமல் விட்டது

கோவை நீதிமன்ற வராந்தாவில் அந்தக் கால்பந்து நடுவர் நின்றிருந்தார். வெயிலில் கறுத்த முகம். விசில் இல்லாத வெறும் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பள்ளி ஆட்டத்தில் என் மகனின் கால் முறிந்ததற்கு பள்ளியோடு சேர்த்து அவர்மேலும் வழக்குப் போட்டிருந்தோம்.

ஆட்டத்தன்று, முன்காலைக் காக்கும் ஷின்பேட் கட்டாமல் வந்த மகனை அவர் வெளியே நிறுத்தினார். "இன்னிக்கு மட்டும் விடுங்க சார்" என்று கெஞ்சியவள் நான்.

"அன்னிக்கு நான் கெஞ்சிக் கேட்டதை உள்ளே சொல்லுவீங்களா?" என்றேன் வராந்தாவில்.

"எதுக்குங்க அம்மணி? யாரு கேட்டாலும் ஆட உட்டது நானுங்களே. தம்பி நடக்கறானுங்களா?"

உள்ளே, "என் தப்புங்க" என்றார். அவ்வளவுதான்.

பிறகு என்னைக் கேட்டார்கள். ஷின்பேட் விஷயமே தெரியாது என்றேன். அப்போது அவர் என்னைப் பார்த்தாரா, தெரியவில்லை. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.