இரண்டாம் தடவை

நான் மாமா என்று கூப்பிடும் என் அக்காவின் கணவருக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்வார். எதையும் இரண்டு தடவை சொல்வார். முதல் தடவை காதில் விழும், இரண்டாம் தடவைதான் மண்டையில் ஏறும் என்பது அவர் கண்டுபிடிப்பு. திருமணப் பதிவு அலுவலகத்தில்கூட "சம்மதம், சம்மதம்" என்று சொன்ன மனிதர். வீட்டில் தண்ணீர் கேட்டாலும் அப்படித்தான்.

"ஒரு தடவை சொன்னா போதாதா? நான் என்ன பஸ்சுக்கா நிக்கிறேன்?" என்பாள் அக்கா.

விடுமுறை நாட்களில் அவர்தான் எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் குரல். பத்தொன்பது வருடமாக, மைதானக் கூரைக்கு அடியில் இருக்கும் தகர அறையில் உட்கார்ந்து, கோல் போட்டவர் யார், எத்தனையாவது நிமிடம் என்று அறிவித்து வந்தார். அதைச் சீட்டில் எழுதி நீட்டுவது என் வேலை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத அறை. காற்று இரையாமல் இருக்க, மைக்கில் அக்காவின் பழைய கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருப்பார்.

சென்ற ஆண்டு எங்கள் அணி முதன்முறையாக முதல் பிரிவுக்கு உயர்ந்தது. சந்தோஷத்தில் ஊருக்கே தலைகால் புரியவில்லை. முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் வாங்கிக் கட்டிக்கொண்டோம். நான்கையும் மாமா கடமை தவறாமல் இரண்டிரண்டு தடவை அறிவித்தார்.

"யோவ், அவன் நாலுதான்யா போட்டான், நீ எட்டாக்கிட்டியே!" என்று கீழிருந்து ஒருவர் கத்தினார். அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து மாமாவின் பெயர் 'ரெட்டை'.

பாதி ஆட்டங்கள் முடிந்தபோது கிளப் செயலாளர் எங்கள் அறைக்கு ஏறி வந்தார். உள்ளே இடமில்லாமல் வாசலில் நின்றபடியே பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த வருஷம் தப்பிச்சு முதல் பிரிவிலேயே நின்னுட்டோம்னா, அடுத்த வருஷம் புது ஸ்பீக்கர், புது ஆளு. டிவியில வர்ற மாதிரி குரல் வேணும்னு கேக்கறாங்க. கீழே இறங்கிட்டா பழையபடி நீங்கதான்."

"சரிங்க, சரிங்க," என்றார் மாமா.

அவர் படியிறங்கிப் போனதும் நான் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். மாமா மைக்கிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். வீட்டில் அக்கா நேராகவே கேட்டாள். "இப்ப நம்ம டீம் ஜெயிக்கணுமா, தோக்கணுமா? நீங்க எதுக்கு ஆசைப்படறீங்க?" அவர் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை.

கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் தப்பலாம், சமனில் முடிந்தாலும் கீழே இறங்க வேண்டியதுதான். அக்கா கீழே கூட்டத்தில் இருந்தாள். எண்பத்தேழு நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்கள் நாலாம் எண், வருடம் முழுக்க ஒரு கோலும் போடாத தடுப்பாட்டக்காரர், பந்தைத் தலையால் முட்டினார். அது பறந்த அந்த நொடியில், வெளியே போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். ஊருக்குத் துரோகம்தான். என்ன செய்ய, எனக்கு ஊரைவிட மாமா பெரிது. மாமாவோ நாற்காலி கவிழ எழுந்து நின்று, "உள்ள போ, உள்ள போ!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பந்து உள்ளே போனது. நான் எழுதி நீட்டிய சீட்டை அவர் பார்க்கவே இல்லை.

"கோல்! நான்காம் எண்! எண்பத்தெட்டாவது நிமிடம்!"

இரண்டாம் தடவைக்கு வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கைக்குட்டையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். என்னாலும் அடக்க முடியவில்லை.

ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்த கூட்டம் மெல்ல அடங்கி எங்கள் தகர அறையை நிமிர்ந்து பார்த்தது. காத்திருந்தது. பிறகு எங்கிருந்தோ ஒருவர் ஆரம்பிக்க, மொத்த அரங்கமும் சேர்ந்துகொண்டது. "கோல்! நான்காம் எண்! எண்பத்தெட்டாவது நிமிடம்!"

வீட்டுக்கு நடந்து போகும்போது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன, ரெண்டாவது தடவை சொல்ல மறந்துட்டீங்களா?"

"மறக்கல. எல்லாருக்கும் முதல் தடவையே கேட்டுடுச்சு," என்றார் மாமா.

தெருமுனை திரும்பினோம். பிறகு, "கேட்டுடுச்சு," என்றார்.