டிரெய்லர் கைப்பிடியில் வந்த சாமி

வேட்டி அவிழச் சேற்றில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒரு கோயில் கூட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. எனக்குச் சாமி வந்துவிட்டதாம். வந்தது மின்சாரம். டிரெய்லர் இழுத்துக்கொண்டு தோட்டத் திருவிழாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, மானத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், தைப்பிங்கில் லோரி ஓட்டுகிறேன். பள்ளியில் ஐந்தாம் பாரத்தோடு படிப்பு என்னைக் கைகழுவியது. போன வருடம் பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்று வாங்கினேன். அலுமினியத் தகடு போர்த்திய பெட்டி, உள்ளே இரண்டு படுக்கை. விற்றவர், "டிரிப் சுவிட்சு அடிக்கடி கட்டாவுது அண்ணே, கழட்டிட்டேன். இனி தொல்லை இல்ல" என்றார். தொல்லை இல்லாத வண்டி என்று நானும் ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

என் மனைவி வசந்தி பிறந்தது பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே எண்ணெய்க்கு நட்ட செம்பனைதான். வீடுகள் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. ஆடித் திருவிழாவுக்குப் போனால் தங்க இடமில்லை என்பதால்தான் டிரெய்லர்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். ஈப்போவில் பசியாறினோம். கடைக்குப் பக்கத்தில் டிரெய்லரைப் பின்னால் எடுக்க மூன்று பேர் கை காட்டினார்கள், மூன்றும் மூன்று திசை. கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை, மெதுவாகப் போங்கள். டீசல் அறுபது ரிங்கிட், கோயிலுக்குக் காணிக்கை ஐம்பது.

கோயில் மண்டபத்திலிருந்துதான் மின்சாரம். என் வயர் எட்டவில்லை. வசந்தியின் தம்பி சேகர், வண்ண விளக்கு கட்டும் வயரைக் கொண்டுவந்தான். மெல்லிசு, உள்ளே இரண்டே கம்பி. எர்த் கம்பி கிடையாது.

"மூணு கால் பிளக்கு மாட்டிக்கலாம் மச்சான். ஒண்ணும் ஆவாதுலா."

மாட்டினோம். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. எர்த் இல்லை என்று விசிறி புகார் செய்யவா போகிறது?

சனிக்கிழமை முழுக்க ரப்பர் சிலிப்பர் போட்டுக்கொண்டு நடமாடியதால் எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. பெரியவர் சிறியவர் பார்க்காமல் வாளி வாளியாக ஊற்றிக்கொள்வார்கள், எல்லாரும் வெறுங்கால். நான் காப்பிக்குக் கெட்டிலைப் போட்டுவிட்டு, சிலிப்பரைக் கழற்றிவிட்டுப் போய்த் தொப்பலாக நனைந்தேன். என் மகள் யாழினிக்கு ஏழு வயது. "அப்பா, கதவ யாரு மொதல்ல தொடுறதுன்னு பாக்கலாமா?" என்றாள். எப்போதும் நான் விட்டுக்கொடுப்பேன். அன்று காப்பி ஆசை, முந்திக்கொண்டேன்.

ஈரக்காலோடு கைப்பிடியைத் தொட்டதுதான் தெரியும். "ஆத்தா" என்று அலறிச் சேற்றில் விழுந்தேன். உடம்பு உதறியது. இதற்காகவே காத்திருந்ததுபோல உறுமி மேளக்காரர்கள் அடியைக் கூட்டினார்கள். வசந்தியின் அக்கா லெட்சுமி, வேப்பிலையும் சொம்புமாக ஓடிவந்தார்.

"வந்திருக்கறது யாரு தாயி? வாயத் தொறந்து சொல்லு."

அதற்குள் யாழினி என்னைத் தாண்டிக் கதவுக்குக் கை நீட்டினாள். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட ஈரம். இரண்டு கையாலும் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

"கரண்டு அக்கா, கரண்டு. தொடாதம்மா."

மண்டபத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த வசந்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஓடிவந்தாள். மேளம் நின்றது.

"அதான பாத்தேன்," என்றார் லெட்சுமி அக்கா. "இந்த ஆளுக்கு எந்தச் சாமி வரும்?"

வசந்தி வேலை செய்வது எலக்ட்ரானிக் ஃபேக்டரியில். "எங்க எடத்துல கையில எர்த் வயர் கட்டாம உக்காரவே விட மாட்டாங்க. ஒரு சிப்புக்கு அவ்வளவு மரியாதை. நீங்க பொண்டாட்டி புள்ளைய ரெண்டு கம்பிய நம்பித் தகரப் பெட்டியில படுக்க வச்சிருக்கீங்க" என்றாள். சேகர் மட்டும் அடங்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில், "சாமி, லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லுங்க, எடுத்துப் பாக்குறேன்" என்றான். "ரெண்டு, நாலு, சைபர். வோல்ட்டு அவ்வளவுதான்" என்றேன். பாயசம் பரிமாறியவர் சிரித்ததில் பாதி என் இலைக்கு வெளியே விழுந்தது.

பிறகு வயர்மேன் ஒருவர் பார்த்தார். கெட்டிலில் கசிந்த மின்சாரம் அலுமினிய உடம்பு முழுக்க ஏறியிருக்கிறது. டயர் ரப்பர் என்பதால் மண்ணுக்குப் போக வழியில்லை. நான்தான் எர்த் கம்பியாக வேலை பார்த்திருக்கிறேன்.

ஆகவே, போகிறவர்கள் மூன்று கம்பி உள்ள தடித்த வயரையே எடுத்துப் போங்கள், சுருட்டியபடி விடாமல் முழுதாக விரித்துப் போடுங்கள். டிரிப் சுவிட்சைக் கழற்றாதீர்கள், மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்துவது அதுதான். அது அடிக்கடி கட்டானால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். தங்கும் இடத்துப் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தகடு லேசாகச் சுருக்கென்றாலும் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம், முதலில் மின்சாரம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். மற்றபடி திருவிழாவுக்குக் கட்டாயம் போங்கள், சாப்பாடு பிரமாதம்.

திரும்பும் வழியெல்லாம் யாழினி உம்மென்று இருந்தாள். ஈப்போ தாண்டியதும், "நீங்க ஏமாத்திட்டீங்கப்பா. எப்பவும் நான்தான ஜெயிப்பேன்?" என்றாள்.

"ஆமாம்மா, அப்பா ஏமாத்திட்டேன்" என்றேன்.

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் ஜெயித்த ஒரே பந்தயம் அதுதான் என்று இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.