இடப்பக்க இருக்கை

தெப்ராவில் எங்கள் அடுக்குமாடியின் கீழே, கார் நிறுத்துமிடத்தில், ஞாயிறு காலைகளில் அவரைப் பார்ப்பேன். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, எங்கோ கிளம்புகிறவர் போல இருப்பார். தன் ஹைபிரிட் காரைத் துடைத்துவிட்டு, இடப்பக்க இருக்கையில் ஏறி, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை ஓட்டிய மனைவி போன வருடம் இறந்துவிட்டார்.

ஒரு ஞாயிறு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, கார் கதவு திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாக்குறீங்களா?"

ரிமோட்டுக்குள் இருந்த சாவியை உருவித் திறந்தேன். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை.

"சின்ன பேட்டரி செத்துப்போச்சு அண்ணே. பெரிய பேட்டரி நல்லா இருந்தாலும் இது இல்லாம கார் ஸ்டார்ட் ஆகாது. ஓட்டாம போட்டா இப்படித்தான் லா."

"வாரா வாரம் தொடைக்கிறேனே, தம்பி" என்றார்.

என் காரிலிருந்து கேபிள் போட்டதும், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அவர் காரை உயிர்ப்பித்தேன். கடிகாரம் மட்டும் பன்னிரண்டு மணிக்குப் போயிருந்தது. கைப்பேசியைப் பார்த்துச் சரியாக வைத்தேன்.

அவர் இடப்பக்கம் ஏறி கடிகாரத்தையே பார்த்தார். "அவ எப்பவும் பத்து நிமிசம் கூட்டித்தான் வச்சிருப்பா. நான் கெளம்ப லேட் பண்ணுவேன்னு."

பதறிப்போய் மறுபடியும் பொத்தானை அழுத்தப் போனேன்.

"வேணாம் தம்பி, இருக்கட்டும். இப்ப யாரு என்னைய அவசரப்படுத்தப் போறா?"

சொல்லிவிட்டு சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நான் யாருடைய இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓசைப்படாமல் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.