பிஸ்கட் டப்பாவில் விழுந்த கோடு

என் அக்கா கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. தெருவில் அவர் பெயர் ‘ஆன்டெனா’. மொட்டை மாடியில் எதையாவது நட்டுக்கொண்டே இருப்பார். “துணி காயப்போட ஒரு கம்பி மிச்சம் வைக்கிறாரா மனுஷன்?” என்பாள் அக்கா.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி மிதித்தவன் நான். அடுத்தவள் அவர் மகள். அவளும் தோழிகளும் செய்த கையடக்கச் செயற்கைக்கோள் வானேறியபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏறியதோடு சரி, அது வாய் திறக்கவில்லை. கல்லூரி கைவிட்டது. அவள் சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

மாமா விடவில்லை. கோள் அனுப்பும் அலையின் அதிர்வெண் அவருடைய ரேடியோவுக்கு எட்டாத உயரம். கணினியில் செருகும் விரலளவு ரேடியோ அது. அலையை இறக்கித் தர ஒரு டவுன்கன்வர்ட்டர் கட்டினார். உள்ளுக்குள் ஓர் அலையை உண்டாக்கி, வருகிற அலையோடு கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ரேடியோவுக்குக் கொடுக்கும் சின்னப் பலகை. அலை கசியாமலிருக்க அதைத் தகர டப்பாவில் அடைத்தார். மகள் சின்ன வயதில் கலர் பென்சில் வைத்திருந்த பிஸ்கட் டப்பா.

“மூடியும் டப்பாவும் தகரத்தோட தகரம் ஒட்டணும். விளிம்புல பெயிண்டைச் சுரண்டணும்தான். ஆனா பூரா அவ வரைஞ்ச பூ. இருக்கட்டும் மாப்பிள்ளை” என்றார்.

கோள் தலைக்கு மேல் வரும் நேரம் பார்த்து மாமா எல்லாவற்றையும் ஓடவிட்டதும் கணினித் திரையில் ஒரு கோடு விழுந்தது. “பாப்பா, உன் பிள்ளை பேசுதுடி!” என்று மாமா போனில் கத்தினார். மறுநாளே கல்லூரியிலிருந்து தோழிகளோடு கிளம்பிவிட்டாள்.

அன்று காலை, அவர்கள் வந்து சேருமுன், ஒயரை ஒழுங்குபடுத்த மாமா ஆன்டெனாவைக் கழற்றினார். கோடு மறையவில்லை.

“மாமா, அப்போ இது…”

“உள்ள உண்டாக்குற அலைதான் கசியுது. நம்ம டப்பாதான் தனக்குத்தானே பேசிக்கிட்டிருக்கு.”

அக்கா மெல்லச் சொன்னாள்: “புள்ளைங்க ஆசையா வருது. இன்னிக்கு ஒரு நாள் கோட்டைக் காட்டிட்டு விட்டுடுங்களேன்.”

“லிஃப்ட் கயிறு பாதி அறுந்திருக்கு. ஏறுறவங்க பாக்கலன்னா சரியாயிடுமா?”

சொல்லிவிட்டாரே தவிர, வைத்த காபி ஆடை படர்ந்து ஆறிக் கிடந்தது.

வந்தவள் பையைக் கூட இறக்கவில்லை. திரையைப் பார்த்துச் சிரித்தாள். மாமா ஆன்டெனா ஒயரை அவள் கையில் கொடுத்தார். “நீயே கழட்டிப் பாரும்மா.”

கழற்றினாள். கோடு அப்படியே நின்றது. படமெடுக்க உயர்ந்த போன்கள் தாழ்ந்தன.

அவள் டப்பாவையே பார்த்தாள். “விளிம்பைச் சுரண்டலியாப்பா?”

மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். அவளே பிளேடை எடுத்தாள். பூக்கள் தூளாக மடியில் உதிர்ந்தன. மூடியை அழுத்தியதும் கோடு அணைந்தது.

ஆன்டெனாவை மாட்டி, கோள் வரும் நேரத்துக்குக் காத்திருந்தோம். அது எழுந்து, கடந்து, மறையும் வரை திரையில் ஒரு கீறல்கூட இல்லை.

“இப்பத்தான்பா இதுக்குக் காது கேக்குது. பேசத்தான் ஆளில்ல” என்றாள்.

மாமா கோள் மறைந்த திசையிலேயே ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.