கண்மாய்க்கு அடித்த நீல மை

மூன்று வருடமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டதில்லை. அதன்மேல் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. ப்ளைவுட் பலகையில் ஒட்டிய சார்ட் தாள், தாள் முழுக்க அறுகோணக் கட்டங்கள். நாட்டரசன்கோட்டை ஒரு மூலை, காளையார்கோவில் காடு எதிர்மூலை. பாளையக்காரர் ஆட்களுக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சட்டைப் பொத்தான், பீரங்கிக்குச் சோடா மூடி. புளியங்கொட்டைகளில் நான்கு காட்டைப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கத்துக்கு ஜெயம். நானே உண்டாக்கிய விளையாட்டு இது. ஒரே குறை, ஒரு தடவைகூட நான்கு போய்ச் சேர்ந்ததில்லை.

எல்லாம் கூரியரில் வந்த ஒரு பழைய வெளிநாட்டு விளையாட்டால் வந்த வினை. பனியும் ஏரியுமாக ஏதோ ஒரு தேசத்துச் சண்டை. அதை ஆடிப் பார்த்தபோது சின்ன வயதில் தரையில் கரிக்கோடு போட்டு ஆடிய ஆடுபுலி ஆட்டம் நினைவுக்கு வந்தது. சமபலமே இல்லாத இரண்டு பக்கம். ஆடு புலியைக் கொல்ல முடியாது, சூழ்ந்து நின்று அடைக்கலாம், அவ்வளவுதான். அதையும் இதையும் சேர்த்து நம் ஊர்ச் சண்டையைப் பலகையில் ஏற்றினால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு நின்றிருக்கலாம்.

அப்புறம் உட்கார்ந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. பிள்ளையார்பட்டியில் தரிசன வரிசையில் நிற்கும்போது, இத்தனை பேரை மறிக்க எத்தனை சிப்பாய் வேண்டும் என்று மனசு கணக்குப் போடும். குளிக்கும்போது ஒரு விதி தோன்றும், துவட்டுவதற்குள் மறந்துவிடும். பீரங்கியின் பலத்தைக் குறைத்தேன். பகடையை மாற்றினேன். தலைகீழாக நின்றும் புளியங்கொட்டைதான் செத்தது. பலகையை எரித்துவிடலாமா என்றுகூட ஆத்திரம் வந்திருக்கிறது.

ஞாயிறுதோறும் எதிரில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளோடு சாக ஒருவன் இருந்தான், என் மனைவியின் தம்பி. அவனும் வியாழக்கிழமை சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான் என்றாகிவிட்டது. அவனை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அவன் போவதற்குள் ஒரே ஒரு தடவை புளியங்கொட்டைப் பக்கம் ஜெயித்துவிட்டால் இது விளையாட்டு. இல்லாவிட்டால் மூன்று வருடமாக அவனை உட்கார வைத்து ஏமாற்றியிருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

கடைசி ஞாயிறு, கறிச்சோறு சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தோம். பக்கத்தில் மனைவி அவனுக்குப் பருப்புப்பொடி டப்பாக்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏழாவது சுற்றில் வழக்கம்போல ஆறு புளியங்கொட்டைகள் மாட்டிக்கொண்டன. முன்னால் ரோட்டில் பீரங்கி, பக்கவாட்டில் சிப்பாய்கள், பின்னால் நீல மை அடித்த கண்மாய்.

"தோக்குறதுக்குன்னே ஆள் வச்சிருக்கீக மச்சான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

சலிப்பில் ஒரு கொட்டையை எடுத்து நீலக் கட்டத்தில் வைத்தான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். அது நீர்நிலை, அதில் இறங்க முடியாது என்றேன். சொன்ன தொனி ஆபீஸ் தொனி. நான் தாலுகா ஆபீசில் சர்வேயர். மாடு மேய்கிற, கருவேலம் மண்டிய, மண்வெடித்த கண்மாய்களுக்குள் நின்றுகொண்டே இது நீர்நிலை என்று இருபது வருடமாக ஊர்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

மனைவி டப்பாவை வைத்துவிட்டு வந்து பலகையைப் பார்த்தாள். சண்டை எந்த மாதத்தில் நடக்கிறது என்று கேட்டாள். பங்குனி என்றேன்.

"பங்குனியில கண்மாய்ல ஏது தண்ணி? என்னையப் பொண்ணு பாக்க எந்த வழியா வந்தீக?"

நாச்சியாபுரம் பக்கம் அவள் ஊர். ரோட்டில் போனால் சுற்று என்று டிரைவர் வேனைக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டார். பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சித்திமார் கத்தினார்கள். அன்றைக்கு நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை, அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது செம்மண் நிறத்தில் இருந்தது. இதெல்லாம் எனக்கு மறக்கவே இல்லை. ஆனாலும் பேனாவை எடுத்தால் கை ரெக்கார்டில் இருந்தபடி நீலத்தை அடித்துவிடுகிறது. கூரியரில் வந்த அந்த விளையாட்டில் ஏரியைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது, நானும் கண்ணை மூடிக்கொண்டு அதை எழுதிவைத்தேன்.

அவன் கையை விட்டேன். ஆறில் நான்கு கண்மாயைக் கடந்து காட்டுக்குள் போய்விட்டன. தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மைத்துனன்தான் ஜெயித்த நான்கு கொட்டைகளையும் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துத் தோல்வியை எண்ணிப் பார்த்தானோ என்னவோ.

வியாழக்கிழமை அவனை ஏற்றிவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுவிட்டு, நீலக் கட்டங்களையெல்லாம் காவி நிறமாக மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகிவிட்டால் உள்ளே நிற்கிறவன் என்ன ஆவான் என்று கேட்டாள். என்னிடம் அதற்கு விதி இல்லை. பிரஷ் கையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. மறுபடியும் முதலிலிருந்தா?

அவள் சட்டைப் பொத்தான்களை எல்லாம் தன் பக்கம் கூட்டி வைத்துக்கொண்டாள்.

"மழைக்கு ஒரு விதி எழுதிட்டுச் சொல்லுங்க. எந்தம்பி இத்தனை நாளா தோத்தது போதும். இனிமே நீங்க புளியங்கொட்டை."